லா கொம்ப் பாலத்துக்கு ஒரு முத்திரை

சொர்பியே, 18 ஏப்ரல் 1982

லியோகாதிக்கு,

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இரண்டாவது நல்ல செய்தி. நல்ல செய்தி என்றுதான் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை ஊர்மன்றம் கூடியது. லா கொம்ப் பாலத்தின் மரத்தளத்தைத் திரும்பப் போடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நவம்பர் வெள்ளம் கொண்டுபோனது தளத்தை மட்டும்தான். கல்தூண்கள் இரண்டும் உறுதியாக இருக்கின்றன. நானே இறங்கித் தட்டிப் பார்த்தேன். துணை மேயர் ஃபுல்க்ரான் தச்சன் என்பது நமக்கு வசதி. ஊர்க்காட்டு ஓக் பலகைகள் அறுத்துக் காய்ந்து அவன் பட்டறையில் தயாராக இருக்கின்றன. பாலம் வந்தால் மறுநாளே நீ ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள உன் வீட்டுக்குத் திரும்பலாம். மருத்துவரின் கார் ஓடைக்கு இந்தப் பக்கம் வரை வரும். அங்கிருந்து அவர் நடந்து வருவார்.

"அப்ப நாளைக்கே ஆரம்பிச்சிரட்டுமா வாத்தியாரே?" என்று ஃபுல்க்ரான் கேட்டான். நான் பள்ளிக்கூடத்தை விட்டுப் பல காலம் ஆகியும், மேயர் ஆன பிறகும், அவனுக்கு நான் வாத்தியார்தான்.

"துணை ஆட்சியர் ஆபீஸ்லேருந்து ஒப்புதல் முத்திரை வரட்டும்" என்றேன்.

"பேப்பர் படிக்கிறதில்லையா நீங்க? பாரிஸ்ல சட்டத்தையே மாத்திட்டாங்க. இனிமே நாம மைனர் புள்ளைங்க இல்லையாம்!"

எனக்குத் தெரியாமல் இல்லை. மார்ச் மாதச் சட்டத்தை மூன்று தடவை வாசித்தேன். ஊர்மன்றத் தீர்மானத்துக்கு இனி ஆட்சியரின் ஒப்புதல் வேண்டாம் என்கிறது. நெப்போலியன் மாவட்டத்துக்கு ஓர் ஆட்சியரை உட்கார வைத்த நாளிலிருந்து நம் ஊர்களெல்லாம் சொத்துள்ள குழந்தைகள், ஆட்சியர் கார்டியன். 1884இல் மேயரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆனால் நம்மிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு மைக்கூட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள். இப்போது மைக்கூடும் நமக்கே என்கிறார்கள். இருக்கலாம். நான் பார்த்த வரையில் பாரிஸ் கொடுத்த எதையும் திரும்ப வாங்க அதிக காலம் எடுத்துக்கொண்டதில்லை.

மேயராக இருந்த நம் அப்பாவை நினைத்துப்பார். 1923இல் மழைக்கு முன்னால் பள்ளிக்கூரையை மாற்றிவிட்டார்; ஒப்புதல் பின்னால் வரும் என்று நினைத்தார். வந்தது ஒரு மாத இடைநீக்க உத்தரவு. குதிரையில் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் அதைச் சந்தை நாளில் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். எனக்கு அப்போது வயது பதினான்கு.

எதற்கும் முத்திரை வரட்டும். தீர்மானத்தை நாளை தபாலில் சேர்க்கிறேன்.

உன் அண்ணன்
எவாரிஸ்ட்


மொம்பெலியே, 2 மே 1982

அண்ணா,

என் இடுப்பு நல்லாத்தான் இருக்கு. அதுவும் ஒப்புதலுக்குக் காத்துக்கிட்டிருக்கு.

ஏழாவது மாடி. லிஃப்ட் வாரத்துல பாதி நாள் வேலை செய்யாது. ஜன்னலத் திறந்தா எதிர்வீட்டுக்காரன் பல் தேய்க்கிறது தெரியுது. சொலான்ஜ் நல்ல பொண்ணுதான், பெத்தவ நான் சொல்றேன். ஆனா காலையில வேலைக்குப் போறா, சாயந்திரம் வந்து "இன்னிக்கு என்னம்மா பண்ணுன?"னு கேக்குறா. என்ன பண்றது? சுவரப் பாத்தேன், சுவர் என்னப் பாத்துச்சு.

லா கொம்ப்ல என் தேன்பெட்டி ஆறும் கெடக்கு. இந்த மாசம் பூ வந்திருக்கும். "பாலம் இல்லாம உன்ன அங்க விடவே மாட்டேன், ஓடையில விழுந்தா யாரு பதில் சொல்றது?"ங்குறா சொலான்ஜ். அவ சொல்றதுல தப்பில்ல. காட்டுவழியா சுத்திப் போகலாம்னா, அந்த வழியில கழுதை கூட ஒருதரம் யோசிக்கும்.

மரம் இருக்கு. தச்சன் இருக்கான். தூண் இருக்கு. மேயர் என் கூடப்பொறந்தவன். அப்புறம் என்னதான் இல்ல?

லியோகாதி


சொர்பியே, 6 ஜூன் 1982

அன்புள்ள லியோகாதி,

உன் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

தீர்மானம் போய்ச் சேர்ந்ததற்கான சீட்டு மே முதல் வாரத்தில் வந்தது. அதில் தேதி மட்டும் குத்தியிருந்தது. 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி. பெற்றுக்கொள்வது ஒப்புக்கொள்வது ஆகாதே. மேலும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்சியர் என்ற பதவிப் பெயரையே எடுத்துவிட்டார்கள். இனி அவர் குடியரசின் ஆணையர். நான் ஆட்சியருக்கு என்று எழுதியிருந்தேன். இல்லாத ஒருவருக்கு அனுப்பிய தீர்மானம் செல்லுமா? சந்தேகம் வேண்டாம் என்று முகவரியை மாற்றி, எல்லாப் பக்கங்களையும் புதிதாகத் தட்டச்சு செய்து மே பதினான்காம் தேதி மறுபடி அனுப்பினேன். திரும்பவும் சீட்டு. திரும்பவும் 'பெற்றுக்கொண்டோம்'.

தொலைபேசியில் கேட்டுவிடுவோம் என்று துணிந்தேன். ஓர் இளம்பெண் பேசினாள்.

"ஐயா, ஒப்புதல்னு ஒண்ணு இப்ப கிடையாதுங்க."

"அப்ப மறுத்துட்டீங்களா?"

"இல்லைங்க, மறுக்கவும் முடியாது."

"அப்ப என்னதான் செய்யலாம்?"

"நீங்க செய்யலாம்."

"என்னத்த?"

"பாலத்தைங்க!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிறகுதான் தோன்றியது, அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்று. பின்னால் ஏதாவது வந்தால் யார் சொன்னார்கள் என்று நான் யாரைக் காட்டுவேன்?

சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தீர்மானம் கிடைத்து இரண்டு மாதத்துக்குள் ஆணையர் அதை நிர்வாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஆகவே ஜூலை நடு வரை பொறுப்போம். கோடையில் ஓடை வற்றிக் கிடக்கும், வேலைக்கு வசதி. உன் தேனீக்களை ஃபுல்க்ரான் ஓடைக் கற்கள் மேல் தாண்டிப் போய்ப் பார்த்துக்கொள்கிறான்.

எவாரிஸ்ட்


மொம்பெலியே, 20 ஜூன் 1982

அண்ணா,

உன் கடிதத்த சொலான்ஜ் கிட்ட வாசிச்சுக் காட்டினேன். சிரிச்சா. அப்புறம் சிரிக்கல. "மாமா பாலம் போட மாட்டாரும்மா"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அப்பாவப் பத்தி எழுதியிருந்த. எனக்கும் நினைவிருக்கு, அப்ப நான் பத்து வயசுப் பொண்ணு. இடைநீக்கம் பண்ணின அந்த மாசம் பூரா அப்பா ஓடையில மீன் பிடிச்சாரு. "ஆட்சியர் எனக்கு லீவு குடுத்திருக்காருடி"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. ஊர்ல ஒவ்வொருத்தரா முட்டையும் ஒயினும் கொண்டுவந்து வச்சிட்டுப் போனாங்க. மாசம் முடிஞ்சதும் மேயரோட மூவர்ணச் சால்வையப் போட்டுக்கிட்டு அதே நாற்காலியில போய் உக்காந்தாரு. நீ மட்டும் மாடியில கதவச் சாத்திட்டு அழுத.

அந்தக் கூரை இன்னிக்கும் இருக்கு. அதுக்குக் கீழதான் நீ முப்பது வருஷம் பாடம் நடத்துன. ஒழுகுச்சா?

இன்னொண்ணு. போன ஞாயித்துக்கிழமை ஒரு டச்சுப் புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. சொலான்ஜோட வேலை பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சவங்க. கிராமத்துல வாங்க வீடு தேடுறாங்களாம். லா கொம்ப் வீட்டுப் படத்தப் பாத்துட்டு "ஆகா, ஆகா"ன்னாங்க. காப்பி குடுத்து அனுப்பிட்டேன்.

லியோகாதி


சொர்பியே, 25 ஜூலை 1982

அன்புள்ள லியோகாதி,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை பதினான்காம் தேதி இரண்டு மாதம் முடிந்தது. ஆட்சேபம் ஏதும் வரவில்லை. தேசிய நாளுக்கு ஊரே சதுக்கத்தில் இருந்தது, ஃபுல்க்ரான் சோம்புச் சாராயக் கோப்பையோடு என்னிடம் வந்து, "வாத்தியாரே, இன்னிக்கு ரெண்டு விடுதலை! பாஸ்டில் கோட்டையும் விழுந்துச்சு, உங்க ரெண்டு மாசமும் விழுந்துச்சு" என்றான். நானும் சிரித்தேன். உண்மையில் நிம்மதியாக இருந்தது.

வேலையைத் தொடங்கச் சொல்லுமுன் கடைசியாக ஒருமுறை தீர்மானத்தை வாசித்தேன். கைப்பிடியின் உயரம் அதில் இல்லை. தளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, கைப்பிடி என்ற சொல் மட்டும் இருக்கிறது. யாராவது விழுந்தால்? நீயே விழுந்தால்? நீதிமன்றத்தில் முதல் கேள்வி அதுவாகத்தானே இருக்கும்.

இருபத்திரண்டாம் தேதி மன்றத்தைக் கூட்டி உயரத்தைச் சேர்க்கச் சொன்னேன். ஃபுல்க்ரான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஒரு மீட்டர். எல்லாக் கைப்பிடியும் ஒரு மீட்டர். எங்க தாத்தா போட்டதும் ஒரு மீட்டர். அத எழுதினாத்தான் மரம் வளருமா?"

"எழுதிட்டா எல்லாருக்கும் பாதுகாப்பு."

"எல்லாருக்கும்னா யாருக்கு? உங்களுக்கு! பட்டியத் திறந்து விட்டாச்சு, ஆடெல்லாம் மேயப் போயாச்சு. நீங்க மட்டும் பட்டிக்குள்ள நின்னு மேய்ப்பன் எங்கன்னு கேக்குறீங்க!"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது சிரிப்பை மறைக்க என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை உயர்த்தினார்கள். திருத்திய தீர்மானம் நேற்று தபாலில் போய்விட்டது.

திருத்தியதால் அது புதுத் தீர்மானம். இரண்டு மாதம் மறுபடி முதலிலிருந்து. செப்டம்பர் இருபத்து நான்கு.

இதை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

எவாரிஸ்ட்


மொம்பெலியே, 10 ஆகஸ்டு 1982

எனக்குத் தெரியுது யார் மேலன்னு.

டச்சுக்காரங்க செப்டம்பர் பதினாறாம் தேதி வீட்டுப் பத்திரம் எழுத நோட்டரி ஆபீசுக்கு வர்றாங்க. சொலான்ஜோட முடிவா பேசிட்டேன். அதுக்கு முன்னால பாலம் நின்னா நான் என் வீட்டுக்குப் போறேன், அவங்க வேற வீடு பாத்துக்கட்டும். நிக்கலன்னா கையெழுத்துப் போட்டுடுறேன். இன்னொரு குளிர்காலம் இந்தச் சுவரப் பாத்துக்கிட்டு, வருவேனா வரமாட்டேனான்னு உக்காந்திருக்க என்னால முடியாது.

நான் உன்ன மிரட்டல. தேதி சொல்றேன். உனக்குத் தேதின்னா பிடிக்குமே.


சொர்பியே, 29 ஆகஸ்டு 1982

அன்புள்ள லியோகாதி,

துணை ஆட்சியரை நேரிலேயே போய்ப் பார்த்தேன். பெயர் மாறியிருந்தாலும் வாசலில் பழைய பலகைதான் தொங்குகிறது. அது எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

அவர் இளைஞர். முப்பத்தைந்து இருக்கலாம். எழுந்து வந்து கை கொடுத்தார். நான் பாலத்தைப் பற்றிச் சொன்னேன், உன்னைப் பற்றிச் சொன்னேன், பதினாறாம் தேதியையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மேயர் ஐயா, நீங்க தீர்மானத்த அனுப்பின அன்னிக்கே அது அமலுக்கு வந்தாச்சு. நான் சரின்னு சொல்ல வேண்டியதே இல்ல."

"தெரியும் ஐயா. ஆனா நீங்க நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமே?"

"ஒரு மரப்பாலத்தையா?"

"கொண்டுபோக மாட்டேன்னு எழுதித் தர முடியுமா? பின்பக்கத்துல, பென்சில்ல கூடப் போதும். 'சரி'ன்னு ஒரு சொல்."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். லியோகாதி, எடுத்தார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

"எழுதினா அது ஒப்புதல் ஆயிடும். ஒப்புதல் குடுக்க எனக்கு இப்ப அதிகாரமில்ல. குடுத்தா சட்டத்த மீறினது நான்."

நாங்கள் இருவரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "உண்மையச் சொல்லட்டுமா? மார்ச்சுக்கு முன்னால தினமும் இந்த மேஜை நிறைய காகிதம் இருக்கும். இப்ப காலையில வந்து என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல." பிறகு வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பேருந்தில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நூற்றெண்பது வருஷம் இவர்கள் நம்மை எதையும் செய்ய விடவில்லை என்று திட்டினோம். திட்டுவதற்கு ஆள் இருந்ததால், செய்யாமல் இருந்ததற்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெகுகாலமாகவே சில விஷயங்களுக்கு ஒப்புதல் தேவைப்படவில்லை. அவற்றுக்கும் நான் காத்திருந்தேன். நான் கோழையா, ஒழுங்கானவனா? இரண்டும் ஒரே மாதிரி உடையில் வருகின்றன. என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். டச்சுக்காரர்களை இரண்டே இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல். இருபத்து நான்காம் தேதி இரண்டு மாதம் முடிகிறது. இருபத்தைந்தாம் தேதி காலையில் ஃபுல்க்ரான் ஆரம்பித்துவிடுவான். சத்தியமாகச் சொல்கிறேன்.

எவாரிஸ்ட்


மொம்பெலியே, 17 செப்டம்பர் 1982

அண்ணா,

நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன்.

நீ ரெண்டு வாரம் கேட்டிருந்த. குடுத்திருக்கலாம். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ரெண்டு வாரம் குடுத்தா நீ இன்னொரு வார்த்தையக் கண்டுபிடிப்ப. கைப்பிடிக்கப்புறம் ஆணி. ஆணிக்கப்புறம் ஆணித் தலை. எனக்கு அறுபத்தொம்பது வயசு ஆச்சு.

நோட்டரி கேட்டாரு, "வீட்டுக்குப் போக வழி இருக்கா?"ன்னு. நான் வாய் திறக்குறதுக்குள்ள அந்த டச்சுக்காரரு, "பாலம் வரப்போகுது, மேயரே எழுதியிருக்காராம்"னு நெஞ்ச நிமித்திச் சொன்னாரு. உன் வார்த்தைய நம்பின ஒரே ஆளு அவருதான். பேரு ஹென்ட்ரிக். நல்ல மனுஷனாத்தான் தெரியுறாரு. தேனீ வளக்கத் தெரியுமான்னு கேட்டேன், புத்தகம் வாங்கியிருக்கேன்னாரு.

மார்சியல் செத்தப்ப கூட அந்த வீட்ட விட்டு நான் போகல. இப்ப போயாச்சு. புருஷன எடுத்துக்கிட்டது கடவுள்னு சொல்லிக்கிட்டேன். வீட்ட எடுத்துக்கிட்டது யாருன்னு சொல்றது?

லியோகாதி


சொர்பியே, 3 அக்டோபர் 1982

லியோகாதி,

உன் கடிதம் செப்டம்பர் இருபதாம் தேதி காலை வந்தது. வாசித்துவிட்டுத் தொப்பியைக்கூட எடுக்காமல் ஃபுல்க்ரான் பட்டறைக்குப் போனேன்.

"ஆரம்பி" என்றேன்.

"இருபத்து நாலு இன்னும் வரலியே வாத்தியாரே?"

"ஆரம்பிடா!"

நான் யாரையும் 'டா' போட்டுப் பேசி அவன் கேட்டதில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். என் கையிலிருந்த கடிதத்தையும் பார்த்தான். அவன் ஆட்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஒருபக்கம் பலகையைத் தூக்கிக்கொண்டு, ஓடைக்குப் போனார்கள்.

அந்த வாரக் கடைசியில் பாலம் நின்றது. அவ்வளவு சீக்கிரம். இதற்கா ஏப்ரலிலிருந்து காத்திருந்தோம் என்று ஊரில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

உத்தரவு எதுவும் வரவில்லை. போலீஸ்காரர்களும் வரவில்லை. இருபத்து நான்காம் தேதி சாதாரணமாக விடிந்து சாதாரணமாக இருட்டியது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். அந்தச் சொல் மிகச் சிறியதாகத் தெரிகிறது. கல்லறைத் திருநாளுக்கு வருவாய் அல்லவா? வந்தால் பாலத்தை ஒருமுறை பார். உனக்காகப் போட்டதுதான்.

எவாரிஸ்ட்


மொம்பெலியே, 24 அக்டோபர் 1982

அண்ணா,

கல்லறைக்கு வருவேன். அம்மா அப்பாவுக்குச் சாமந்தி வாங்கியாச்சு, மார்சியலுக்கும். மூணு தொட்டி. பஸ்ஸுல சொலான்ஜ் மடியில ஒண்ணு, என் மடியில ரெண்டு.

பாலத்துப் பக்கம் வரமாட்டேன். கூப்பிடாத. அங்க வந்து நின்னு அடுத்தவங்க வீட்டுப் புகையப் பாக்க எனக்குத் தெம்பில்ல.

ஃபுல்க்ரான் பொண்டாட்டி எழுதியிருந்தா. நீ தினமும் ஓடைக்கரை வரைக்கும் போறியாம், நின்னு பாத்துட்டுத் திரும்பிடுறியாம். இன்னும் ஒருதரம் கூடப் பாலத்து மேல கால் வைக்கலியாமே. எதுக்குக் காத்துக்கிட்டிருக்க இப்ப?

நடந்து பாத்துட்டு எனக்கு எழுது. தாங்குதான்னு சொல்லு. அதையாவது நீ சொல்லணும்.

லியோகாதி


சொர்பியே, 7 நவம்பர் 1982

அன்புள்ள லியோகாதி,

கல்லறையில் என்னிடம் நீ பேசியது "குளிருது", அவ்வளவுதான். ஆனாலும் என் சால்வையை வாங்கிப் போட்டுக்கொண்டாய். அதை அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்.

நேற்று நடந்தேன். இரண்டு நாள் மலையில் பெய்த மழையில் வெர்னே ஓடை காப்பி நிறத்தில் கரை தொட்டு ஓடியது. அதனால்தான் நேற்றைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் மழை விடட்டும் என்றுதான் இரண்டு நாள் காத்திருந்தேன், விடவில்லை, இனியும் காத்திருந்தால் நீ கேட்டதற்கு எப்போதுமே பதில் எழுத மாட்டேன் என்று பயம் வந்தது. பயத்தில்தான் நடந்தேன்.

அந்தப் பக்கம் உன் கதவு வரை போனேன். தட்ட நினைக்கவில்லை. ஹென்ட்ரிக் பார்த்துவிட்டார். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். மிகவும் தண்ணியான காப்பி. தேன்பெட்டிகளுக்கு வைக்கோல் சுற்றியிருக்கிறார். கொஞ்சம் அதிகமாகவே சுற்றியிருக்கிறார், ஆனால் அக்கறையோடு செய்திருக்கிறார்.

நமது மொழியை அவர் தட்டுத் தடுமாறித்தான் பேசுகிறார். "மேயர் ஐயா, ஒரு சந்தேகம். இந்த நாட்டுல இந்த மாதிரிப் பாலம் போட யாருகிட்ட அனுமதி வாங்கணும்?" என்று கேட்டார்.

"யாருகிட்டயும் வேணாங்க" என்றேன்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன், லியோகாதி. எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம் போல, ஒரு குழந்தைகூடச் சொல்லும் விஷயம் போல. சொன்ன பிறகு கோப்பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது நடுவில் நின்றேன். தண்ணீர் பலகைக்கு வெகு அருகில் ஓடியது. ஓர் அடிமரம் மிதந்து வந்து தூணில் மோதியது. பாதம் வழியாக அந்த அதிர்வு எனக்குள் ஏறியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த மரம் கடந்து போகும் வரை நின்றேன்.

நீ கேட்டாயே. தாங்குகிறது.

எவாரிஸ்ட்